சிறைப்பணிக்கு வரும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில், கைதிகளைச் சந்தித்து ஜெபிக்கவும் உதவவும் போகும் சிறைப்பணிக்குப் புதிதாகப் பெயர் கொடுத்த பதினொரு பேருக்குப் பயிற்சி நடந்தது. இடைவேளையில் ஓர் இளைஞர் பக்கத்தில் இருந்தவரிடம், "உண்மையை ஒத்துக்கொண்டால் மனபாரமும் குறையும், சீக்கிரம் வீட்டுக்கும் போகலாம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லப் போகிறேன்" என்று மிகுந்த அன்போடு சொல்லிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே சொற்கள் அவை, அவற்றால் வந்த கேட்டையும் நான் அறிவேன். வாசலில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், நேரம் தவறக் கூடாது என்பன போன்றவற்றை முதல் நாளே சிறைக் காவலர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாவ அறிக்கையையும் குற்ற ஒப்புதலையும் ஒன்றாக நினைப்பது

நாம் உள்ளே சந்திப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேர் மீதான குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று பொருள். ஆனால் நம் ஜெபங்கள், பாடல்கள், நாம் சொல்லும் உவமைகள் எல்லாம் எதிரில் அமர்ந்திருப்பவர் பாவம் செய்தவர் என்றும் மனந்திரும்ப வேண்டியவர் என்றும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பேசுகின்றன. இந்தத் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

கைப்பேசித் திருட்டு வழக்கில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் உள்ளே இருந்தான். நண்பன் கொடுத்த பேசியை விற்கப் போனபோது தான் பிடிபட்டதாகச் சொன்னான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுள் முன்னால் மறைக்க ஒன்றுமில்லை, நீதிபதி முன்னாலும் மறைக்காதே, ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களைக் கழித்து விட்டுவிடுவார்கள் என்றேன். அவன் அழுதான். அந்த அழுகையை நான் மனமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். சிறையில் நான்கு மாதம் முடியும் தறுவாயில் அவன் நீதித்துறை நடுவர் முன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, இருந்த நாட்களே தண்டனையாக விதிக்கப்பட்டு அன்று மாலையே வெளியே வந்தான். அவனுடைய அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் அதை நான் சாட்சியாகவும் சொன்னேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவனை அதே சிறையில் பார்த்தேன். பகுதியில் ஒரு திருட்டு நடந்ததும் பழைய தண்டனைப் பதிவைப் பார்த்து அவனை அழைத்துப் போயிருக்கிறார்கள். ஜாமீன் மனுவை எதிர்க்க அரசுத் தரப்புக்கு அந்தப் பதிவே போதுமானதாக இருந்திருக்கிறது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, "பிரதர், நீங்க சொன்னீங்கன்னுதான் ஒத்துக்கிட்டேன்" என்றான். கோபமில்லாமல், யாரோ ஒருவரிடம் வழி சொல்வது போலச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் முதல் வழக்கின் ஆவணக் கட்டை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் தேதிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை 74ஆம் நாள்தான் தாக்கலாகியிருந்தது. அதுபோன்ற வழக்கில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு அந்த உரிமை போய்விடும். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது 66ஆம் நாள். கதவு திறந்திருந்த அந்த நாட்களில் நான் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது ஒப்புதல்.

இன்றைய சட்டத்தில் இந்தத் தவறின் விலை இன்னும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி அந்தக் குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்கள் பாதிக் காலம் வரை காத்திருக்க வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுதியாக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்ட் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒரு சின்ன வழக்கில் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டவர் இந்த மூன்றில் ஒரு பங்குச் சலுகையை வாழ்நாள் முழுக்க இழக்கிறார். அதோடு, திருட்டில் இரண்டாவது முறை தண்டிக்கப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா வரையறுத்திருக்கிறது.

ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது கைதியும் அவருடைய வழக்கறிஞரும் முடிவு செய்ய வேண்டியது. வழக்கறிஞர் இல்லையென்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். ஆலோசித்த பிறகும் ஒருவர் ஒப்புக்கொள்ளத்தான் போகிறார் என்றால், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கேட்க முடியுமா என்று அந்த வழக்கறிஞரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். அச்சட்டப்படி விடுவிக்கப்படுபவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்புகள் சேர்வதில்லை. இருந்த நாட்களையே தண்டனையாக வாங்கிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் ஒரு மனிதனின் பிழைப்பையே மாற்றிவிடக்கூடிய வேறுபாடு உண்டு.

"என்ன செய்தாய்?" என்று கேட்பது

கேட்காதீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. நம்மிடம் பேசுவதற்குத் தரவில்லை. கைதி உங்களிடம் மனம் திறந்து சொன்னது நாளை சாட்சிக் கூண்டில் உங்கள் வாயிலிருந்தே வெளிவர வேண்டிய நிலை ஏற்படலாம். "அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் வருகிறாரா, வீட்டிலிருந்து யார் மனு போட்டு வந்து பார்க்கிறார்கள்" என்று கேட்டால் பேச்சும் வளரும், உதவவும் முடியும்.

ஜாமீன் உத்தரவையே விடுதலையாகக் கொண்டாடுவது

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று நன்றி ஜெபம் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். ஜாமீன்தாரர் இருவர் கிடைக்காமல் அந்த மனிதர் வாரக்கணக்கில் உள்ளேயே இருப்பார். 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் நடுவர் அந்த ஜாமீனை ஏற்க மறுத்தார். 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்ன நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வடக்கே கைதாகும் தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று தீர்ப்பில் கேட்டார். இன்று நம் சிறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அதே நிலையில் இருக்கிறார்கள்.

எனவே உத்தரவு வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாட்களில் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று அறிவுறுத்தியது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீனுக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் ஓர் உச்சவரம்பு வரை உதவி உண்டு. காணிக்கைப் பணத்தில் கை வைப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பணத்துக்கு வரும் வாடகை ஜாமீன்தாரர் பக்கம் போகவே வேண்டாம். குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டிருப்பவருக்கு வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் கதவு திறக்காது என்பதையும் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெபத்துக்கு வருபவருக்கு மட்டும் உதவுவது

கூடாது.

கடிதம், பணம், வாய்வழிச் செய்தி

எதையும் உள்ளே கொண்டு போகாதீர்கள், எதையும் வெளியே கொண்டு வராதீர்கள்.

சாதியைக் காணாதது போல் கடந்துபோவது

2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. நம் தேவாலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் இதே பிரிவினை இருந்ததை நாம் அறிவோம். ஆகவே கழிவறையைக் கழுவுவது யார், சமையல் வேலை யாருக்குக் கிடைக்கிறது என்று கவனிப்பதும், கண்டதை உரிய இடத்தில் எழுத்தில் தருவதும் நம் பணியிலேயே சேரும்.

நல்ல எண்ணம் போதும் என்று நம்புவது

1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைக்குப் பின்னால் இருந்தவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். சிறைகளின் அவலத்தைக் கண்டு மனம் நொந்த, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பலர் அடங்கிய சீர்திருத்தவாதிகள் அவர்கள். ஒரு மனிதனைத் தனியறையில் அமைதியாக வைத்தால் மனந்திரும்புவான் என்று நம்பி, அறையை விட்டு வெளியே வரும்போதும் முகத்தை மூடி அழைத்துப் போனார்கள். தனிமைச் சிறை என்ற கொடுமை உலகெங்கும் பரவ இந்தப் பக்தியே வழி வகுத்தது. உள்ளே இருந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால், அறையின் கதவு வேறு மாதிரி அமைந்திருக்கும்.

நான் இப்போது அதை முதலில் கேட்கிறேன். கடந்த வாரம் என் குறிப்பேட்டில் எழுதியவை: ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி, ஒருவருக்கு அடுத்த வாய்தா தேதி வீட்டுக்குத் தெரிய வேண்டும், ஒருவருக்கு மகள் பத்தாம் வகுப்பில் தேறினாளா என்று தெரிய வேண்டும்.