ஆலையில் ஊழியர் கருத்துக்கணிப்பு நடத்துவது எப்படி?

ஒரகடம் பக்கம் மூன்று ஷிப்ட் ஓடும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட 600 பேர் வேலை பார்க்கும் உதிரிபாக ஆலை என்று வைத்துக்கொள்வோம். "ஆட்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று ஒரு சர்வே எடுங்கள்" என்று மக்கள் தொடர்புப் பிரிவுக்கு உத்தரவு வருகிறது.

முதலில் நாளைப் பாருங்கள். தீபாவளி போனஸ் பேச்சு நடக்கும் மாதமும் சம்பள உயர்வுக் கடிதம் வரும் மாதமும் வேண்டாம். எதைக் கேட்டாலும் பணத்தைப் பற்றித்தான் பதில் வரும்.

அடுத்தது கேள்விகள். 1977இல் டவுன்ஸ், ஹேசன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட தகவல்தொடர்புத் திருப்தி வினாத்தாள் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மேற்பார்வையாளருடன் பேச்சு, சக ஊழியர்களுடன் பேச்சு, தன் வேலையைப் பற்றிக் கிடைக்கும் கருத்து, நிறுவனத்தைப் பற்றிய செய்தி உட்பட திருப்தியை எட்டாகப் பிரிக்கிறது அது. எதுவும் விட்டுப்போகாமல் இருக்க அதைப் பாருங்கள். அப்படியே மொழிபெயர்த்து நீட்டாதீர்கள். நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கு 12 கேள்வி தாராளம்.

"நிர்வாகம் தகவல்களை வெளிப்படையாகவும் உரிய நேரத்திலும் தெரிவிக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' போட்டுவிடுவார்கள். ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் வேறு. "கடைசியாக ஷிப்ட் மாறியபோது எத்தனை நாள் முன்னால் தெரிந்தது? முதலில் யார் சொன்னது?" என்று கேளுங்கள். சூப்பர்வைசர், நோட்டீஸ் போர்டு, வாட்ஸ்ஆப், கூட வேலை பார்ப்பவர், டீக்கடை என்று கட்டம் போடுங்கள். பாதிப்பேர் கடைசி இரண்டில் டிக் அடித்திருந்தால், உங்கள் செய்தி வரும் முன்பே வதந்தி வந்துவிடுகிறது என்று அர்த்தம்.

கூகுள் ஃபார்ம் சுலபம்தான். ஆனால் மின்னஞ்சல் கேட்கும் ஃபார்மில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். தாளே நல்லது, தமிழோடு இந்தியிலும், தேவைப்பட்டால் ஒடியாவிலும் அச்சடியுங்கள். ஊழியர் எண், பெயர் வேண்டாம். பிரிவும் ஷிப்டும் போதும். பூட்டிய பெட்டியை கேன்டீனில் கேமரா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், எச்ஆர் அறை வாசலில் அல்ல. ஷிப்ட் தொடக்கத்தில் வேலை நேரத்திலேயே 10 நிமிடம் கொடுங்கள். முடியும் நேரத்தில் கொடுத்தால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே வரிசையில் டிக் விழும். 10 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். யார் என்ன சொன்னார் என்று ஊகித்துவிடுவார்கள்.

பெரும்பாலான கணிப்புகள் சாவது இதற்குப் பிறகுதான். முடிவுகள் மேலிடத்துப் பிரசன்டேஷனுக்குப் போகும், கீழே ஒரு வார்த்தை வராது. அடுத்த வருடம் பெட்டி காலியாக இருக்கும். 14 நாளுக்குள் போர்டில் மூன்று விஷயமாவது எழுதுங்கள்: முடித்தது ஒன்று, தேதி சொல்லக்கூடியது ஒன்று, முடியாது என்பது ஒன்று, காரணத்தோடு. அந்த மூன்றாவதைப் பார்த்துத்தான் முதல் இரண்டையும் நம்புவார்கள்.

கணிப்புக்குப் பிறகு செய்யும் எந்த மாற்றத்தையும் போர்டில் ஒட்டுவதற்கு அரை நாள் முன்னதாக சூப்பர்வைசர்களிடம் ஒரு பக்கத் தாள் போய்விட வேண்டும்: என்ன, ஏன், எப்போதிலிருந்து, யாரைக் கேட்பது. "எனக்கே இப்பதான் தெரியும்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த அறிவிப்புக்கு மரியாதை போய்விட்டது.

அறிவிப்பின் மொழியும் கவனம். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு பேருந்துத் தடம் மாற்றியமைக்கப்படுகிறது" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "வரும் திங்கள் முதல் 4ஆம் நம்பர் பஸ் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் நிற்காது. பஸ் நிலையத்தில் காலை 5.10க்கு ஏறிக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் ஏறுபவர்கள் 3 பேர்தான். அங்கே போய் வர 15 நிமிடம் ஆகிறது." அந்த 3 பேரிடம் மட்டும் போர்டுக்கு முன்பே நேரில் சொல்லிவிடுங்கள்.