கருப்பை வாய்ப் புற்றுநோயும் கைனேஸும்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

மஞ்சளில் இருக்கும் சத்து கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும், அதனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வராது என்கிற மாதிரி செய்திகள் வாட்ஸ்அப்பில் எளிதில் பரவுகின்றன. ஆய்வகத்தில் செல்லின் மீது ஊற்றிப் பார்த்ததை வைத்து, தினமும் பொடி சாப்பிட்டால் நோயே வராது என்று முடிவுகட்டுவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, கைனேஸ் என்றாலே எதிரி என்று நினைப்பது. இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதன் வேலையை மாற்றும் நொதிதான் புரோட்டீன் கைனேஸ். நம் உடம்பில் 500க்கு மேல் உண்டு. பூம்பாறைப் பூண்டு வயலில் மடையைத் திறக்கவும் ஆள் வேண்டும், அடைக்கவும் ஆள் வேண்டும் இல்லையா? கைனேஸ்களிலும் இரண்டு வகையும் உண்டு. எல்.கே.பி.1 என்பது அடைக்கிற வகை. செல்லில் ஆற்றல் குறைந்தால் ஏ.எம்.பி.கே. என்ற மற்றொரு கைனேஸை எழுப்பி, வளர்ச்சியை நிறுத்தும். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் குறைந்தது 20 சதவீதத்தில் இந்த எல்.கே.பி.1 மரபணு பழுதாகியிருப்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே சிக்கலே கைனேஸ் இல்லாமல் போனதுதான்.

செல்லைப் பெருகத் தூண்டும் சி.டி.கே. 4/6 என்ற கைனேஸ்களைத் தடுக்க மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கும் கேட்குமா என்று சிலர் விசாரிப்பார்கள். அந்த மாத்திரை வேலை செய்ய ஆர்.பி. என்ற காவல் புரதம் செல்லில் உயிர்ப்போடு இருக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் ஈ7 புரதம் அதைத்தான் முதலில் முடக்குகிறது. அதனால் இந்தப் புற்றுநோயில் அந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் பிடிமானம் இருக்காது. அடுத்த வீட்டு அக்காவின் மருந்துச் சீட்டை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

எச்.பி.வி. இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் புற்றுநோய் என்று உடைந்துபோகவும் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை வெளியேற்றிவிடும். தங்கிவிட்டால்தான் கவலை, அதுவும் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வரலாம்.

இத்தனை வருட அவகாசம் கையில் இருந்தும் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் மனதை வருத்துகிறது. நலமாக இருக்கும் பெண்ணுக்குக் கைனேஸ் மரபணுச் சோதனை தேவையில்லை. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பார்க்கும் எளிய சோதனையே போதும். நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். செவிலியர்களே சோதித்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான், வார விடுமுறைக்கு முந்தின நாளே செவிலியரிடம் நேரம் கேட்டு வையுங்கள். வலி இல்லையே, குடும்பக்கட்டுப்பாடு செய்தாயிற்றே என்று தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 9 முதல் 14 வயதில் தடுப்பூசி போட்ட பெண்ணும் பிற்காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது.

அப்புறம், மாதவிடாய் நின்ற பிறகோ உறவுக்குப் பின்னோ ரத்தம் பட்டால் முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வத்தலக்குண்டுக்கு இறங்கியாவது அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.