மேற்கு யன்னலுக்குக் கழற்றி மாட்டும் வெயில் தடுப்பு

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளில் மேற்கே கடல் பார்த்த அறைக்குத்தான் விலை கூட. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அதே அறையில் இருக்க முடியாது. தடித்த திரைச்சீலை இதற்கு மருந்தல்ல. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் வெப்பமும் உள்ளே வந்துவிட்டது. சீலை சூடேறி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். சாதாரண 3 மில்லிமீற்றர் கண்ணாடி, தன்மேல் விழும் வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விடுகிறது. ஆகவே தடுப்பு கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும்.

யன்னலுக்கு மேல் கொங்கிறீட் சிலாப் இருக்கிறதே என்று கேட்கலாம். கொழும்பு இருப்பது வட அகலாங்கு 6.9 பாகையில். டிசம்பர் 21 மத்தியானம் சூரியன் தெற்கே 60 பாகை உயரத்தில் நிற்கும். 4 அடி உயரத் தெற்கு யன்னலுக்கு 28 அங்குலச் சிலாப் போதும். வடக்குக்கு அதில் பாதியே போதும். மேற்கில் கதை வேறு. மார்ச் கடைசியில் நான்கு மணிக்குச் சூரியன் 34 பாகையில், ஐந்து மணிக்கு 19 பாகையில். நான்கு மணி வெயிலை மறைக்கவே 6 அடி சிலாப் வேண்டும், ஐந்து மணிக்கு 11 அடிக்கு மேல். அப்படி யாரும் கட்டமாட்டார்கள். சாய்ந்த பட்டிகள் கொண்ட பிரேம்தான் வழி.

கணக்கு இதுதான்: 100 மில்லிமீற்றர் அகலப் பட்டி, வெளி விளிம்பு கீழே இறங்க 45 பாகைச் சாய்வு, பட்டிக்குப் பட்டி 80 மில்லிமீற்றர். சூரியன் ஏழரைப் பாகைக்குக் கீழே இறங்கும்வரை, அதாவது மறைய அரைமணி நேரம் இருக்கும்வரை, பட்டிகளுக்கு இடையே நேர்வெயில் ஒரு கீற்றும் நுழையாது. இடைவெளியை 100 ஆக்கினால் ஒரு பிரேமுக்கு மூன்று பட்டி மிச்சமாகும். ஐந்து மணிக்கே வெயில் உள்ளே வந்து நிற்கும். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

1200க்கு 1200 மில்லிமீற்றர் யன்னலுக்கு இரண்டு பிரேம், ஒவ்வொன்றும் 675 அகலம், 1200 உயரம். இரு பக்கமும் 75 மில்லிமீற்றர் கூடுதலாக நிற்பது ஏனென்றால், ஜூனில் வெயில் வடமேற்கிலிருந்தும் டிசம்பரில் தென்மேற்கிலிருந்தும் சரிந்து வரும். பிரேமுக்கு 75க்கு 25 அலுமினியப் பொக்ஸ் பார். பட்டிக்கு 1.2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு; இரு விளிம்பையும் 10 மில்லிமீற்றர் மடித்துவிடுங்கள், இல்லையேல் காற்றில் அதிரும். ஒரு பிரேமுக்கு 14 பட்டி, ஒவ்வொரு முனைக்கும் 4 மில்லிமீற்றர் அலுமினியப் பொப் ரிவெட் இரண்டு. வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு. முடிந்ததும் ஒன்று ஏறக்குறைய 6 கிலோ.

இனி முக்கியமான இடம், பொருத்துகை. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் புரூவே உலோகத் தொழிலாளியாகப் பழகியவர். 1949இல் ஆபிரிக்காவின் நியாமேக்கும் 1951இல் பிரஸாவிலுக்கும் அவர் செய்து அனுப்பிய வெப்பமண்டல வீடுகளில் வெயில் தடுப்பும் கழற்றிப் பூட்டும் முறையும் ஒரே யோசனையாக வந்தவை. அரை நூற்றாண்டு கழித்து அவை கழற்றப்பட்டு மீண்டும் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தன. நம் யன்னலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும்: சுவருக்குள் போவது சுவரிலேயே இருக்கட்டும், கழற்றுவது வேறு துண்டாக இருக்கட்டும். ரோல் பிளக்கில் (சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) ஸ்குரூவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் பிளக் தேய்ந்து, ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

மேலே ஏந்துவது, கீழே பூட்டுவது. மேல் பிராக்கெட் இரண்டும் 40க்கு 5 ஸ்டெயின்லெஸ் பட்டையில்: சுவரோடு 75, வெளியே 120, நுனி மேல்நோக்கி 20. பிரேமின் மேற்சட்டத்து அடிப்பக்கம் 45க்கு 8 துளை வெட்டினால் நுனி அதற்குள் போய் உட்காரும். கீழ்ப் பிராக்கெட்டில் 8 மில்லிமீற்றர் பின், அது கழலாமல் பிடிக்க ஆர் கிளிப். பின்னின் இரு பக்கமும் ரப்பர் வொஷர். அந்த வொஷரை விட்டுவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்றில் இரவெல்லாம் தட்டும்.

சுவரில் நிரந்தரமாக நிற்பது எம்10 ஸ்டட் (10 மில்லிமீற்றர் மரைத் தண்டு), ஒரு பிரேமுக்கு நான்கு. யன்னலுக்கு மேலான கொங்கிறீட் லின்டலில் 12 மில்லிமீற்றர் துளை, 90 ஆழம். ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, பிறகு ஸ்டட்டைப் பிடிக்கும் ரெசின் பசை. துளைக்குள் தூசி நின்றால் ரெசின் தூசியைத்தான் பிடிக்கும், சுவரையல்ல. பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. பொள்ளல் சீமெந்துக் கல்லில் வலைக்குழாய் இல்லாமல் ரெசின் விடாதீர்கள். செக்கனுக்கு 30 மீற்றர் காற்று ஒரு பிரேமில் ஏறக்குறைய 45 கிலோ விசை கொடுக்கும்; ஸ்டட் அதைத் தாங்கும், பலவீனமான கல் தாங்காது.

பழைய சோனகத் தெருவில் ஸ்டட், நட்டு வாங்கும்போது ஏ4 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அது 316 ரகம். ஏ2 என்றால் 304. கடலோரத்தில் தேயிலைச் சாயம்போலக் கறை பிடிக்கும். நாகம் (துத்தநாகம்) பூசியது துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் நட்டும் இறுக்கும்போதே இறுகிப்போய்விடும் குணமுள்ளது: மரை இறுகாமல் தடுக்கும் நிக்கல் அன்டி-சீஸ் பசை தடவி, கை ஸ்பானரால் மெதுவாக இறுக்குங்கள். இம்பேக்ட் ட்ரைவர் கூடாது. செப்புக் கிரீஸ் அலுமினியத்தை அரிக்கும். அலுமினியம் ஸ்டெயின்லெஸைத் தொடும் இடமெல்லாம் நைலோன் வொஷரோ துண்டோ வையுங்கள்.

பிரேமுக்கும் சுவருக்கும் 100 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். சூடான காற்று மேலே ஏறிப் போக வேண்டும். மேல்புறத்தைத் தகட்டால் மூடாதீர்கள்.

கழற்றும்போது முதலில் 3 மில்லிமீற்றர் எஃகுக் கயிற்றைப் பிரேமிலும் யன்னலுக்கு உள்ளே உறுதியான இடத்திலும் கொளுவுங்கள். அதற்குப் பிறகுதான் பின்னைத் தொடலாம். கீழே பாதையில் ஆட்கள் நடக்கிறார்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பின் இரண்டையும் உருவி, பிரேமை 25 மில்லிமீற்றர் உயர்த்தி, விளிம்புப் பக்கமாகத் திருப்பி உள்ளே இழுங்கள். யன்னலில் நிரந்தரக் கம்பி இருந்தால் இது முடியாது. கீழ்மாடியில் மட்டும் ஏணியால் வெளியே நின்று செய்யலாம்.

தொடர்மாடியின் வெளிச்சுவர் பொதுப் பகுதி என்பதால் துளைக்குமுன் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். பெயின்ட் வேலைக்குக் கழற்றித் தருவோம் என்று கடிதத்திலேயே சேர்த்தால் மறுப்பது குறைவு.

ஆண்டுக்கு இரண்டு முறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், இறக்கி நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். கீழ்ச்சட்டத்தின் அடியில் 6 மில்லிமீற்றர் வடிதுளை மூன்று போட்டிருக்க வேண்டும். அடைபட்டால் பொக்ஸ் பாருக்குள் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். ஒவ்வொரு தடவையும் அந்தத் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள். பிரேம்களின் பின்பக்கத்தில் இடம், வலம் என்று அடையாளமிடுங்கள். துளைகள் ஒரு நூல் வித்தியாசப்பட்டிருந்தாலும் மாற்றி மாட்டினால் பின் போகாது.