அடிங்க்ரா அச்சு: நடுவில் வெள்ளை விழாமல் குத்துவது எப்படி?

கானாவில் குமாசிக்குப் பக்கத்தில் ந்தோன்சோ என்று ஓர் ஊர். சுரைக்குடுக்கை ஓட்டில் உருவம் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த கருஞ்சாயத்தில் தோய்த்து, துணியில் குத்துவார்கள். அதுதான் அடிங்க்ரா. முன்பெல்லாம் துக்க வீட்டுக்குப் போர்த்திக்கொண்டு போகிற துணி. 1817இல் குமாசியில் வாங்கிய ஒன்று இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன்.

முதலில் சொல், அப்புறம்தான் படம். ஒவ்வொரு அடிங்க்ரா உருவத்துக்கும் பின்னால் ஒரு பேச்சு உண்டு. தலையைத் திருப்பிய பறவை சன்கோஃபா. துவி மொழியில் ‘திரும்பிப் போய் எடுத்து வா’. ஆட்டுக்கடாவின் கொம்புகள் துவென்னிமென், பலமும் பணிவும். ‘உன்னைப் பற்றி வரை’ என்றால் எல்லாரும் இதயம்தான் வரைவார்கள். ‘உன் வீட்டில் ஓயாமல் காதில் விழுவது என்ன?’ என்று கேளுங்கள். ஒரு பையன் ‘சாப்பிட்டியா?’ என்று எழுதினான். அவன் அச்சு: ஒரு வட்டம், நடுவில் ஒற்றைப் பருக்கை.

உருவத்தை ஃபோம் ஷீட்டில் 5 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். நீர் விட்டுச் சாயம் ஓடிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம். ஃபோமை மரக்கட்டையில் ஒட்டி எவ்வளவு அழுத்தியும் ஓரம் மட்டும் விழுந்தது, நடுவில் வெள்ளை. இரண்டு வேட்டி வீண். பிறகுதான் உறைத்தது: சுரை ஓடு வளைந்தது. அதைத் தட்டையாக அழுத்துவதில்லை, ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் சாய்த்து உருட்டுகிறார்கள். கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொட்டாங்குச்சித் துண்டின் வெளிப்புறத்தில் ஃபோமை ஒட்டினேன். துணிக்கு அடியில் செய்தித்தாளை எட்டாக மடித்து வைத்தேன். முதல் குத்திலேயே முழுசாக விழுந்தது.

ஃபேப்ரிக் பெயின்டில் அச்சை முக்காதீர்கள். ஸ்பாஞ்சில் மெல்லியதாகத் தடவி, அதில் ஒற்றி எடுங்கள்.

ந்தோன்சோவில் சீப்பு போன்ற கருவியால் கோடிழுத்துத் துணியைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். நமக்கு அகலப் பல் சீப்பு போதும். கோடு காய்ந்த பிறகு கட்டத்துக்குள் குத்தலாம்.

பின்சேர்க்கை: எழுத்து தலைகீழாக விழுகிறது என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். தலைகீழ் இல்லை, இடவலம் மாறுகிறது. சன்கோஃபாவும் எதிர்ப்பக்கம்தான் பார்க்கும். தாளில் வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் புரட்டி வைத்து, பின்பக்கம் தெரிவதை நகலெடுத்து வெட்டுங்கள்.