கோடை இரவில் பாறைக்கரையிலிருந்து ஸ்னாப்பர் பிடிக்க

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பக்கம் கோடையில் ஸ்னாப்பர் என்ற கடல்மீன் கரைக்கு நெருங்கி வரும். பகலில் ஒதுங்கி நிற்கும் பெரிய மீன்கூட, இருட்டியதும் சிப்பியும் நண்டும் தேடிப் பாறையோரமாக மேயும். அதனால் தூண்டிலைத் தூரமாக வீச வேண்டியதில்லை. பலரும் மீனைத் தாண்டித்தான் வீசுகிறார்கள்.

அந்தி சாயும் நேரமும் கடல் ஏற்றமும் சேர்ந்து வரும் நாளைப் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய், மீன் கழிவை நசுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருங்கள். அங்கே இதை பர்லி என்பார்கள். மொத்தமாகக் கொட்டினால் மீன் அதைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

இரைக்கு மத்தி அல்லது கணவாய்த் துண்டு. ஈயக்குண்டு முடிந்தவரை சிறியது போதும். இரை தானாக மிதந்து இறங்குவதுபோல் இருக்க வேண்டும். மீன் இழுத்தவுடன் வெட்டி இழுக்காதீர்கள், சில நொடி நூலை ஓட விடுங்கள். வட்டத் தூண்டில்முள் என்றால் சுண்டவே வேண்டாம், சீராகச் சுற்றினாலே வாயோரத்தில் மாட்டும்.

டார்ச்சைத் தண்ணீர்மேல் அடிக்க வேண்டாம். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் போதும்.

ஆக்லாந்தின் கிழக்குக் கரையில் 30 செ.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 மீன்தான். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்கணும்.

அப்புறம், தனியாகப் போகவே போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இறங்குவதற்கு முன் கால் மணி நேரமாவது அலையைக் கவனியுங்கள். நிற்கப்போகும் பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே ஏறுகிறது என்று அர்த்தம், வேறு இடம் பாருங்கள்.