ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டு கிரேட்ஃபுல் டெட் கேட்பது எப்படி

ஊட்டியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஆடி மழையில் கல்யாண ஆர்டர் இருக்காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிரேட்ஃபுல் டெட் கேட்க அதுதான் தோதான நேரம். 1965 முதல் 1995 வரை ஓடிய கலிஃபோர்னியா பேண்ட். நேற்று வாசித்த மாதிரி இன்று வாசிக்க மாட்டார்கள். அதனால் 'எந்த வருஷம் பெஸ்ட்?' என்று மொத்தமாக இறங்கினால் தலை சுற்றும். ஒரு பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, வெவ்வேறு வருஷக் கச்சேரிப் பதிவுகளில் அதையே கேளுங்கள்.

என் பாட்டு 'பிளேயிங் இன் த பேண்ட்'. 1971 பிப்ரவரியில் மேடையேறியபோது சாதாரண நீளம்தான். 1972 ஆகஸ்ட் 27, அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்து வெனீட்டாவில் இருபது நிமிடம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1974 மே 21, சியாட்டிலில் 46 நிமிடம்! எல்லோரும் முதலில் கைகாட்டுவது 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியை. அருமைதான், ஆனால் அன்று இந்தப் பாட்டு கிடையாது.

முதல் தடவை கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். 1972-லும் 1974-லும் பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான்; ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வளைவார். 1976-ல் இன்னொரு டிரம்மரான மிக்கி ஹார்ட் முழுசாகத் திரும்பியபின் இரட்டைத் தவில் மாதிரி ஆகிவிடுகிறது. கனம் கூடும், சட்டென்று திரும்புவது குறையும். என் ஓட்டு ஒற்றை டிரம்ஸுக்கு.

1974 பதிவுகளில் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும். அந்த வருஷம் ஸ்பீக்கர்களைச் சுவர் மாதிரி எழுப்பி, பாடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நம்ம மேடையில் அப்படி வைத்தால் மைக் ஊளையிடும். அவர்கள் ஆளுக்கு இரண்டு மைக் ஜோடியாக வைத்து, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்தார்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து கழிந்துபோகும். ஒரு மைக்கில் வாயை ஒட்டிப் பாடியது மட்டும் மிஞ்சும். வாய் விலகினால் குரலும் போச்சு. இதை அறியாமல் 'அந்த வருஷம் பாட்டு சுமார்' என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவை இன்னொரு மிக்ஸர் பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். கூட்டத்துக்குள் மைக் பிடித்து எடுத்ததோடு வைத்தால் நீங்கள் மார்க் போடுவது பேண்டுக்கு இல்லை, மைக்குக்கு. வால்யூமையும் சமமாக்குங்கள், சத்தம் கூடினது எப்போதும் நல்லாத்தான் இருக்கும்.

தேதி தெரியாத பதிவு வந்தால் கீபோர்டைக் கேளுங்கள். பியானோ உருண்டால் பெரும்பாலும் கீத் காட்ஷா, எழுபதுகள். ஹாமண்ட் ஆர்கனோடு (மின்சார ஆர்கன்) கரகரத்த துணைக்குரல் சேர்ந்தால் 1979-ல் வந்து சேர்ந்த ப்ரெண்ட் மிட்லண்ட். அவர் 1990 ஜூலையில் இறந்துபோனார். அதற்குப் பிந்தியதை நான் அதிகம் போடுவதில்லை. 1990 மார்ச் கச்சேரிகளோடு நிறுத்திக்கொள்வேன்.