உடற்பயிற்சி முடிந்தபின் உடுத்தும் துணி: எங்கே தவறுகிறோம்?

முதல் தவறு துணிக்கடையில் நடப்பதில்லை. ஜிம்மில் பயிற்சியை முடித்துவிட்டு, நனைந்த பனியனோடு வண்டியை எடுத்து, வழியில் ஒரு டீ குடித்து, வீட்டுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் அப்படியே உட்காருவதுதான் முதல் தவறு. என்ன விலை கொடுத்து வாங்கிய துணியானாலும் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே வராது. இழைகளுக்கு நடுவே காற்று போக வேண்டிய கண்களைத் தண்ணீர் அடைத்துவிடும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு எலாஸ்டிக் அழுத்தும் இடம் ஆகியவற்றில் வேர்க்குருவுக்கும் படர்தாமரைக்கும் பிடித்தமான சூழல் இந்த ஈரம்தான். ஜிம் பையில் ஒரு உலர்ந்த டி-ஷர்ட்டும் உள்ளாடையும் எப்போதும் இருக்கட்டும். குளிக்க நேரமாகும் என்றால் உடம்பைத் துடைத்துவிட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தத் துணியும் தசையை ஆற்றிவிடாது. அதைச் செய்வது தூக்கமும் சாப்பாடும் ஓய்வும். உடம்புச் சூட்டை வெளியே விடுவது, தோலை உலர்வாக வைப்பது, இரவுத் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் துணியின் வேலை. "தசை வலி போக்கும் துணி" என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, காட்டன் எப்போதும் நல்லது, பாலியஸ்டர் எப்போதும் கெட்டது என்ற நம்பிக்கை. சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். அதனால் வியர்வை கொட்டும் நேரத்தில் பருத்தி குடித்துக் குடித்துக் கனத்துவிடும், காய நேரமெடுக்கும். நல்ல பின்னலுள்ள பாலியஸ்டரோ வியர்வையை இழையின் மேற்பரப்பு வழியே பரப்பி விரைவில் காய்ந்துவிடும். ஓடும்போது அது சரி. குளித்து முடித்து ஓய்வாக இருக்கும்போது கணக்கு தலைகீழ். அப்போது உடம்பிலிருந்து கசிவது கொஞ்சமான ஈரம். அதைப் பருத்தி சத்தமில்லாமல் இழுத்துக்கொள்ளும், பாலியஸ்டர் தோலின் மேலேயே பிசுபிசுக்க விட்டுவிடும். நாற்றமும் அதில்தான் அதிகம்: பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்விலும், பயிற்சிக்குப் பிறகு காட்டனைவிட பாலியஸ்டர் சட்டைகளே மோசமாக நாறின. ஆக, வியர்க்கும் நேரத்துக்கு ஒரு துணி, ஓயும் நேரத்துக்கு வேறு துணி.

காட்டனிலும் கனம் பார்க்காமல் வாங்குகிறார்கள். திருப்பூர் பனியன் துணியை ஜிஎஸ்எம் கணக்கில்தான் பேசுவார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. ஓய்வு நேரத்துக்கு 140 முதல் 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒற்றைப் பின்னல் பனியன் துணி, போதும். 220க்கு மேல் போகும் கனத்த டி-ஷர்ட் கைக்கு உயர்ரகமாகத் தெரியும், சென்னை மே மாதத்தில் உடம்புக்குப் பாரம். நெஞ்சு முழுக்க ரப்பர் பிரின்ட் போட்ட சட்டையும் வேண்டாம். அந்தப் பிரின்ட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: அது பிளாஸ்டிக் படலம், அதன் வழியே காற்றும் போகாது, ஈரமும் போகாது. வியர்வை சரியாக அந்தச் சதுரத்தின் கீழேதான் தேங்கும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். துணியை ஒற்றையாக வாயருகே பிடித்து ஊதுங்கள்; மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட வேண்டும். பிறகு விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது முத்தாக நிற்காமல் சில நொடிகளில் பரவ வேண்டும். புதுத்துணியில் கஞ்சியோ ஃபினிஷிங் மருந்தோ இருந்தால் முதல் துவைப்புவரை பரவாது என்பதையும் மனதில் வையுங்கள்.

'மூங்கில் துணி' பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் என்ற செயற்கை இழைதான். மென்மையானது, ஈரத்தைப் பருத்தியைவிட நன்றாக இழுக்கும்; ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், தொங்கிப்போகும்.

காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் லெக்கிங்ஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். பயிற்சிக்குப் பின் அணிந்தால் வலி கொஞ்சம் குறைவதாகப் பலர் உணர்கிறார்கள். அதற்காகப் பயிற்சியில் நனைந்ததையே தொடர்ந்து போட்டிருக்கக் கூடாது. உலர்ந்த இன்னொன்று வேண்டும். கால் மரத்தாலோ, விரல் நுனி நிறம் மாறினாலோ, தையல் தடம் ஆழமாகப் பதிந்தாலோ அளவு சிறியது, கழற்றிவிடுங்கள். வலி தைலம் தேய்த்த இடத்தின்மேல் இறுக்கமான துணி போடவே கூடாது. சூடு வெளியேறாமல் தோல் எரியும், கொப்புளம்கூட வரலாம். வலி நிவாரண ஜெல் என்றாலும் குறைந்தது 10 நிமிடம் உலரவிட்டு, தளர்ந்த துணியைத்தான் மேலே போட வேண்டும்.

கால் பயிற்சி செய்தால் தொடை வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். அந்த நாட்களில் இரவில் பழைய காட்டன் லுங்கியோ தளர்வான நைட்டியோ எந்த விலையுயர்ந்த டிராக் பேன்ட்டையும் வெல்லும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை எளிதில் ஆவியாகாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நகர இடம் இருந்தால்தான் உடம்பு குளிரும்.

துவைப்பதில் ஒரே எச்சரிக்கை: ஸ்போர்ட்ஸ் துணிக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். அது இழைமேல் மெழுகுபோல் படிந்து வியர்வை பரவுவதைக் கெடுக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பிச் சாதாரணத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். லைக்ரா கலந்ததை அயர்ன் செய்ய வேண்டாம், சூட்டில் இழுவை போய்விடும்.